ஈர விரலும் எட்டு கோர் ப்ராசஸரும்: போன் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போன்களைத் திட்டமிடுகிறவர்களுக்கும், வடிவமைக்கிறவர்களுக்கும், பெட்டியின் மேல் எதை அச்சிடுவது என்று முடிவெடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. சென்ற வருடம் அவருக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் அலசினேன். ஒன்பது போன்களை ஓர் அட்டவணையில் போட்டு, ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்.ஏ.எச்., திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். எண்களில் எது முந்தியதோ அதையே வாங்கினேன். அம்மாவுக்கு நல்லதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்ற திருப்தி இருந்தது.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் அவசரமாகத் துடைத்துவிட்டு வந்து எடுத்தார். திரையில் ஒரு பச்சை வட்டம். அதை மேலே தள்ளினால் அழைப்பு ஏற்கப்படும். அம்மா தள்ளினார். வட்டம் பாதி தூரம் போய், திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. மறுபடி தள்ளினார். இந்த முறை அசையவே இல்லை. மூன்றாவது முறை விரலை அழுத்தித் தேய்த்தார். நான் எழுந்து போவதற்குள் மணி நின்றுவிட்டது. அழைத்தவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல அழைத்திருந்தார்கள். திரும்ப அவர்களைப் பிடிக்க மாலை ஆகிவிட்டது.

"தேய்க்கத் தேய்க்க நகரவே மாட்டேங்குதுடா. பழைய போன்ல அமுக்கினா எடுக்கும்" என்றார். புகாராகச் சொல்லவில்லை. தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது.

கை வராததற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் கிட்டே வரும்போது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்புலம் மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் அது படிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈர விரலைக் கண்டால் திரை குழம்புகிறது. வயதாகி வறண்டுபோன விரல்நுனியின் தொடுதலும் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. வேலைக்கு நடுவே போன் எடுக்கும் எல்லோருக்கும், முதியவர்களில் பலருக்கும் இது தினசரிப் பாடு. என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. உங்கள் பெட்டியிலும் இல்லை.

அன்று இரவு அம்மா தூங்கிய பிறகு அந்த போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செட்டிங்ஸுக்குள் போய், அணுகல் வசதிகள் என்ற பகுதியைத் திறந்து, அதற்குள் இன்னொரு தலைப்பைத் திறந்து, அதற்கும் கீழே இறங்கியபோது அது கிடைத்தது. ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் அழைப்பை ஏற்கும் வசதி. அதற்குக் கீழேயே, திரையைத் தள்ளாமல் ஒருமுறை தொட்டாலே ஏற்கும் வசதி. இரண்டும் அந்த போனிலேயே இருந்தன. உங்களில் யாரோ ஒருவர், என் அம்மாவைப் போன்ற ஒருவரை மனதில் வைத்து, உட்கார்ந்து யோசித்து, எழுதி, சோதித்து அதைச் செய்திருக்கிறார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் அவர் செய்ததைப் பெட்டி சொல்லவில்லை. விற்பனைப் பக்கமும் சொல்லவில்லை. முதல்முறை போனைத் தயார் செய்யும்போது மொழி கேட்டது, கைரேகை கேட்டது, விளம்பர அனுமதிகூடக் கேட்டது. "அழைப்பை எப்படி எடுக்க உங்களுக்கு வசதி?" என்று மட்டும் கேட்கவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த இரவுதான். நீங்கள் பெரிதாக அச்சிடும் எண்களுக்கும் போனைக் கையில் வைத்திருக்கும் மனிதருக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை பேசுவது வேறு விஷயம். கேமராவையே எடுத்துக்கொள்வோம். 108 மெகாபிக்சல் என்று 2020-இல் வந்த சில போன்கள், வழக்கமான முறையில் எடுத்தால் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமித்தன. சென்சரில் வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒன்பது சின்னப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கிக்கொள்ளும் முறை அது. 2022-இல் 200 மெகாபிக்சல் வந்தபோது பதினாறு புள்ளிகள் சேர்ந்து ஒன்றாயின. படம் மறுபடியும் கிட்டத்தட்ட அதே 12 மெகாபிக்சல்தான். இதில் தப்பில்லை. புள்ளிகளைச் சேர்த்தால் இருட்டில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சல் குறையும். 2012-இலேயே நோக்கியா 808 ப்யூர்வியூ 41 மெகாபிக்சல் சென்சரை வைத்துக்கொண்டு, பல புள்ளிகளைக் கலந்து 5 மெகாபிக்சல் அளவில் தெளிவான படம் கொடுத்தது. அங்கே எண் ஒரு வேலைக்கான கருவி. இன்று அந்தக் கருவியையே சரக்காக விற்கிறீர்கள்.

நான்கு கேமரா என்று எண்ணிக் காட்டுவதற்காகவே 2 மெகாபிக்சலில் மிகக் கிட்டத்தில் படமெடுக்க ஒரு மேக்ரோ, இன்னொரு 2 மெகாபிக்சலில் ஆழம் அளக்க ஒன்று என்று ஒட்டிய காலமும் ஒன்று இருந்தது. அந்த மேக்ரோவில் எடுத்த படத்தை யாராவது இரண்டாவது முறை திறந்து பார்த்திருப்பார்களா? அந்தக் காசை முதன்மைக் கேமராவில் போட்டிருக்கலாம்.

ப்ராசஸர் கதையும் அப்படியே. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகை, எட்டு கோர் ப்ராசஸர் கொண்டது என்று விற்கப்பட்டது. கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் ஓர் அலகு. அதில் நான்கு பெரிய கோர்கள், நான்கு சிறிய கோர்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நான்கின் கூட்டம்தான் வேலை செய்ய முடியும், எட்டும் சேர்ந்து ஓடாது. அதன் உண்மையான நோக்கம் நல்லதுதான். லேசான வேலைக்குச் சின்னக் கோர், கனமான வேலைக்குப் பெரிய கோர், அதனால் பேட்டரி மிச்சம். "உங்கள் பேட்டரி கூடுதல் நேரம் வரும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எட்டு" என்று சொன்னார்கள். அதே வருடம், வேகம் அளக்கும் சோதனைச் செயலிகள் ஓடும்போது மட்டும் போனை முழு வேகத்தில் ஓடவைக்கும் வேலையைப் பல நிறுவனங்கள் செய்தது வெளியே வந்தது. அன்றாடம் நான் திறக்கும் செயலிகளுக்குக் கிடைக்காத வேகம், அட்டவணைக்குக் கிடைத்தது.

இப்போது ரேமையும், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தையும், "8+8" என்று அச்சிடுகிறார்கள். இரண்டாவது எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. கூட்டல் குறியைப் பார்க்கிறவர் பதினாறு என்றுதான் எண்ணிக்கொள்வார். அப்படி எண்ணிக்கொள்ளட்டும் என்றுதானே அந்தக் குறியை அங்கே வைக்கிறீர்கள்? கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

2015-இல் சோனி எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம் 5.5 அங்குலத்தில் 4கே திரையோடு வந்தது. அங்குலத்துக்கு 806 புள்ளிகள். பெரும்பாலான நேரம் அந்தத் திரை அதைவிடக் குறைந்த 1080 அளவில் வரைந்ததைப் பெரிதாக்கித்தான் காட்டியது, பேட்டரியைக் காப்பாற்ற. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, போனுக்கும் அது சுமை.

சரி, நல்லது நடந்த இடங்களையும் சொல்கிறேன். அவையும் உங்கள் துறையில்தான் நடந்தன.

2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு நைட் சைட் என்ற வசதியைக் கொடுத்தது. கிட்டத்தட்ட இருட்டாக இருக்கும் அறையில், ஃப்ளாஷ் இல்லாமல், கையில் பிடித்தபடியே படம் எடுக்கலாம். போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தால் நகர்ந்ததையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்தி, சேர்த்து ஒரே படமாக்குகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்த வசதி புது பிக்சல் 3-க்கு மட்டும் வரவில்லை. 2016-இல் வாங்கிய முதல் பிக்சலுக்கும் வந்தது. இரண்டு வருடம் பழகிய போன், அதே 12 மெகாபிக்சல் கேமரா, ஒரு காலையில் அப்டேட் ஆனதும் முந்தைய இரவுவரை எடுக்க முடியாத படத்தை எடுக்கிறது. பிக்சல் 3-இல் வைத்த அந்த 12 மெகாபிக்சல் சென்சரையே 2020-இன் பிக்சல் 5 வரைக்கும் முதன்மைக் கேமராவில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் 48, 64, 108 என்று ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்போதும் நல்ல கேமரா போன்களின் வரிசையில் பிக்சலின் பெயர் விடாமல் இருந்தது.

முதல் ஐபோனிலும் இதே போல ஒன்று நடந்தது. 2007-இல் வந்தபோது அதில் ஓர் எழுத்தைக்கூட நகலெடுத்து இன்னோர் இடத்தில் ஒட்ட முடியாது. 2009-இல் புது மென்பொருள் வந்தது. அதே போன், அதே 2 மெகாபிக்சல் கேமரா, அதே 128 எம்பி ரேம். அன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டலாம். ஒரு திருகாணிகூட மாறவில்லை, ஆனால் மின்னஞ்சலில் வந்த முகவரியைத் தாளில் எழுதிவைத்துத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேலை ஒழிந்தது.

2013-இல் வந்த மோட்டோரோலாவின் மோட்டோ எக்ஸ்-ஐ உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போட்டிப் போன்கள் நான்கு கோர்களோடும் முழு எச்.டி. திரையோடும் நின்றபோது, அது இரண்டு கோர்களோடும் 720 திரையோடும் வந்தது. அட்டவணையில் தோற்ற போன். ஆனால் அதில் இரண்டு சின்னத் துணைச் சில்லுகள் தனியாக இருந்தன. ஒன்று குரலைக் கவனிக்க, இன்னொன்று போனின் அசைவைக் கவனிக்க. போனைத் தொடாமலே குரலால் கூப்பிடலாம். சட்டைப்பையிலிருந்து எடுத்தாலே திரையின் ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்து மணியையும் வந்த செய்தியையும் காட்டும், மீதித் திரை கறுப்பாகவே இருக்கும், பேட்டரி வீணாகாது. மணிக்கட்டை இரண்டுமுறை திருகினால் கேமரா திறக்கும். பிற்காலத்து மோட்டோரோலா போன்களில், கையை இரண்டுமுறை வெட்டுவது போல அசைத்தால் டார்ச் எரியும்.

அந்த டார்ச்சைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். ஒரு கையில் கனமான பையோடு இருட்டுப் படிக்கட்டில் நிற்கிறீர்கள். சாதாரணப் போன் என்றால் திரையை எழுப்பி, மேலிருந்து இழுத்து, இன்னொருமுறை இழுத்து, பத்து ஐகான்களில் டார்ச்சைத் தேடித் தொட வேண்டும். பெருவிரல் எட்டாமல் பையைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். அசைத்தால் எரியும் போனில் பையைக் கீழே வைக்க வேண்டாம். நான் அந்த போனை விட்டு வேறு போனுக்கு மாறி வருடங்கள் ஆகின்றன. இருட்டில் இன்னும் என் கை தானாக அசைகிறது. இதற்கு முன் நான் வைத்திருந்த எந்த போனின் ப்ராசஸர் பெயரும் எனக்கு நினைவில் இல்லை.

மோட்டோ எக்ஸ் விற்பனையில் பெரிய வெற்றி பெறவில்லை என்பதை எடுத்துக்காட்டி, "மக்கள் எண்களைத்தானே கேட்கிறார்கள்" என்று நீங்கள் சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நானே அட்டவணை போட்டவன்தான். ஆனால் நான் ஏன் எண்களை வைத்து ஒப்பிட்டேன்? ஒப்பிட எனக்குக் கிடைத்தது அவை மட்டும்தான். ஈர விரலில் எந்த போன் எடுக்கும், எந்த போனில் டார்ச் சீக்கிரம் எரியும், எதில் சத்தமான இடத்தில் பேசினால் எதிர்முனைக்குக் கேட்கும் என்று யாராவது கட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் அதை வைத்து ஒப்பிட்டிருப்பேன். இருபது வருடமாக எதைக் காட்டிப் பழக்கினீர்களோ அதைத்தான் நாங்கள் கேட்கிறோம். அப்புறம், மோட்டோ எக்ஸ் அன்று செய்தவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் பல நிறுவனங்களின் போன்களுக்கும் வந்து சேர்ந்தன. திரை முழுவதும் எரியாமல் மணி காட்டுவதும், தொடாமல் குரலுக்குப் பதில் சொல்வதும் இன்று யாருக்கும் புதுமை இல்லை.

இருக்கும் வன்பொருளை வைத்தே எவ்வளவு பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்காக வைத்த சின்ன சென்சர் ஒன்று ஏறக்குறைய எல்லா போன்களிலும் இருக்கிறது. மிக மலிவான பாகம் என்பதால் அதை யாரும் பெட்டியில் பெருமையாக அச்சிடுவதில்லை. 2020 ஆகஸ்டில் கூகுள் அதை நிலநடுக்கம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தத் தொடங்கியது. சார்ஜில் போட்டு அசையாமல் கிடக்கும் போன், தரை அதிர்வதை உணர்ந்தால் ஒரு சேதியை அனுப்புகிறது. ஒரே வட்டாரத்தில் பல போன்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் அது நிலநடுக்கம் என்று தெரிந்துவிடும். அதிர்வு அலை பூமிக்குள் ஊர்ந்து வருவதைவிட வேகமாகச் செய்தி போய்ச் சேரும் என்பதால், சற்றுத் தள்ளி இருப்பவர்களுக்குச் சில விநாடிகள் முன்னதாக எச்சரிக்கை கிடைக்கும். 2021-இல் நியூசிலாந்திலும் கிரீஸிலும் இந்த எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள ஒருவருக்குச் சில விநாடி போதும். இதற்காக எந்தப் புதுப் பாகத்தையும் யாரும் வாங்கவில்லை. பையில் ஏற்கெனவே கிடந்த ஒன்றைப் பார்த்து, "உன்னால் வேறென்ன முடியும்?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

இதேபோல ஒன்றுதான் என் சொந்த வாழ்க்கையிலும் நடந்தது. நான் இரவில் போனை "தொந்தரவு செய்யாதே" முறையில் வைத்துவிட்டுத் தூங்குகிறவன். ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்கு போன் அலறியது. எடுத்தால் அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். எழுந்து நிற்க முடிந்தது, ஆனால் நடக்கப் பயந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முதல் அழைப்பு எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாவது அழைப்புதான் ஒலித்தது. ஒரே எண்ணிலிருந்து சில நிமிடத்துக்குள் திரும்ப அழைத்தால் அமைதி முறையையும் மீறி ஒலிக்கும் வசதி அது. ஐபோனில் மூன்று நிமிடம், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடம். நள்ளிரவில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டால் அது அவசரமாகத்தான் இருக்கும் என்று மனித இயல்பைப் புரிந்துகொண்ட ஒருவர் அதை எழுதியிருக்கிறார். அதை வைக்க ஒரு ரேம் கூடுதலாகத் தேவைப்படவில்லை, ஒரு கோர் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை. அன்றைக்கு நான் விடியும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வசதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதிகளான ஆண்ட்ராய்டின் டாக்பேக்கும் ஐபோனின் வாய்ஸ்ஓவரும் 2009-இல் வந்தன. காது கேளாதவர்களுக்காக, எதிரில் இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்தது. குழந்தை அழுவதையும் அழைப்பு மணி அடிப்பதையும் போனே கேட்டு அதிர்வால் சொல்லும் வசதியை 2020-இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்ற இரு பெரிய தளங்களும் கொடுத்தன. ஒரு மனிதரின் நாள் முழுவதையும் மாற்றும் விஷயங்கள் இவை. அறிமுக விழாக்களில் இவற்றுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறீர்கள், திரையின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்பதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறீர்கள் என்று நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வன்பொருள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல லென்ஸ் இல்லாமல் நைட் சைட்டும் தடுமாறும். ரேம் பற்றாத போனில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால், பாதி நிரப்பிய படிவம் காணாமல் போயிருக்கும், அதுவும் கொடுமைதான். மறுபுறம், வசதி என்ற பெயரில் வந்ததெல்லாம் வசதியும் இல்லை. தலை அசைவைப் பார்த்துப் பக்கம் நகர்த்துவது, காற்றில் கை வீசிப் படம் மாற்றுவது என்று வந்தவை நிலைத்து நிற்கவில்லை. யாருக்கு, எந்த நேரத்தில், எந்தக் கை வேலையாக இருக்கும்போது இது உதவும் என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. இரண்டாவது அழைப்பை ஒலிக்கவிடும் வசதியிடம் அந்தப் பதில் இருக்கிறது.

பேட்டரியைப் பற்றியும் கேட்டாக வேண்டும். 5000 எம்.ஏ.எச். என்று அச்சிடுகிறீர்கள். அது முதல் நாள் எண். மூன்றாம் வருடம் அது எவ்வளவு? லித்தியம் அயான் பேட்டரியை எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிறுத்தி, சூட்டிலும் வைத்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் ஒரே ஒரு ஸ்விட்ச் அதன் ஆயுளைக் கூட்டும். பல போன்களில் இன்று அது இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் வருவது எத்தனை வாட் வேகத்தில் சார்ஜ் ஏறும் என்பதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கு ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். அந்த மாடல் சந்தைக்கு வருவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் இயங்குதள அப்டேட் கொடுக்க வேண்டும். பெட்டியோடு வரும் லேபிளில் ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் வரும் என்பது போடப்பட வேண்டும்; கீழே விழுந்தால் எந்த அளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பவை தரம் பிரித்துப் போடப்பட வேண்டும். அந்த லேபிளை முதன்முதலாகப் பார்த்தபோது, என் அட்டவணைக்கு வேண்டியிருந்த கட்டங்கள் இவைதான் என்று தோன்றியது. ஒரு சட்டம் வந்துதான் இதைக் கேட்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அளக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாதே என்ற நிம்மதியும் உண்டு. விதி இல்லாத இடங்களிலும் அதே லேபிளை ஒட்ட உங்களை யாரும் தடுக்கவில்லை.

அப்டேட் காலத்தில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-உம், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-உம் ஏழு வருடம் என்று அறிவித்தன. விலை குறைந்த போன்களுக்கும் அதை இறக்குங்கள். கூடவே ஒரு வேண்டுகோள். அப்டேட் என்ற பெயரில், பழகிய இடத்தில் இருந்த பொத்தானை நகர்த்தாதீர்கள். அம்மா ஐகானின் பெயரைப் படிப்பதில்லை. "மேலிருந்து இரண்டாவது வரிசை, ஓரத்தில் இருப்பது" என்று இடத்தை மனப்பாடம் செய்திருக்கிறார். ஓர் இரவில் வரிசை மாறினால் அவர் மூன்று மாதம் கற்றது போயிற்று. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய அமைப்பையே வைத்துக்கொள்ள ஒரு வழியாவது விட்டுவையுங்கள்.

இப்போது உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். அடுத்த போனின் பெட்டியில் மெகாபிக்சலுக்குப் பக்கத்தில், பையிலிருந்து எடுத்து முதல் படம் எடுக்க எத்தனை விநாடி ஆகும் என்று போடுங்கள். எம்.ஏ.எச்.-க்குப் பக்கத்தில், மூன்று வருடம் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று போடுங்கள். அப்டேட் நிற்கும் மாதத்தையும் வருடத்தையும் உறைமீதே அச்சிடுங்கள். முதல்முறை போனைத் தயார் செய்யும்போது எழுத்தின் அளவு, அழைப்பை எடுக்கும் முறை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், இரவில் யார் அழைத்தால் ஒலிக்க வேண்டும் என்ற நான்கையும் கேளுங்கள். அணுகல் வசதிகள் என்று தனி அறை கட்டி உள்ளே பூட்டி வைத்திருப்பவற்றை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். அவை எல்லோருக்கும் ஒரு நாள் தேவைப்படும், கையில் மாவு ஒட்டியிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கும்கூட. புது மாடலைச் சோதிக்க இளம் பொறியாளர்களின் உலர்ந்த விரல்கள் மட்டும் போதாது. எழுபது வயதைத் தாண்டிய பத்துப் பேரை அழைத்து, கையை நனைக்கச் சொல்லி, போனை அடிக்க விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உதவி செய்யாமல் பாருங்கள்.

அம்மாவின் போன் இப்போது சரியாகிவிட்டது. மணி அடித்தால் ஓரத்துப் பொத்தானை அமுக்குகிறார், எடுத்துவிடுகிறது. கையில் ஈரம் இருந்தாலும் கவலை இல்லை. இதைத் தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. போன வாரம் நான்கு பேர் ஆளுக்கொரு போனோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள், "எனக்கும் அந்த மாதிரி வச்சுக் குடுப்பா" என்று. நான்கும் நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் போன்கள். மூன்றில் அந்த வசதி இருந்தது, மூன்று வெவ்வேறு மூலைகளில். நான்காவதில் ஒரு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. மற்ற மூன்றையும்விட விலை கூடியது அதுதான், ப்ராசஸரும் அதில்தான் வேகமானது. அந்த அம்மா, "பரவாயில்லப்பா, நான் கையைத் தொடச்சுட்டே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த அப்டேட்டில் அது வந்தால் சொல்லுங்கள், நான் அவர் வீட்டுக்குப் போய் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் போன்களை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவன்